ரஷ்யாவின் பெரிய நகரத்துக்கு ஏன் ரஷ்யப் பெயர் இல்லை? மகா பீட்டரின் கதை

மொபைல் ஆப்பில் ரஷ்ய மொழி கற்பவர்களுக்கும், மருத்துவம் படிக்க ரஷ்யா கிளம்பும் முன் மொழி வகுப்பில் சேர்பவர்களுக்கும் சில வாரங்களிலேயே ஒரு சந்தேகம் வரும். ரஷ்ய ஊர்ப் பெயர்களில் பல ‘கிராத்’ என்றோ ‘கோரத்’ என்றோ முடியும். இரண்டுக்கும் நகரம் என்றுதான் அர்த்தம். நோவ்கோரத் என்றால் புது ஊர். ஆனால் மாஸ்கோவுக்கு அடுத்த பெரிய நகரத்தின் பெயர் மட்டும் சாங்க்ட் பீட்டர்பூர்க். நாம் ஆங்கிலம் வழியாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்கிறோம்.

‘சாங்க்ட்’ ரஷ்யச் சொல் இல்லை. ‘பூர்க்’ ரஷ்யச் சொல் இல்லை. நடுவில் இருக்கும் பெயராவது ரஷ்யமா என்றால், அதுவும் இல்லை. ரஷ்யர்கள் பீட்டரை ‘ப்யோத்தர்’ என்பார்கள். மூன்று துண்டு கொண்ட பெயரில் ஒரு துண்டுகூட உள்ளூர் சரக்கு இல்லை! பக்கத்து ஊர்களும் அப்படித்தான்: பீட்டர்ஹோஃப், க்ரான்ஷ்டாட், ஷ்லிஸ்ஸல்பூர்க்.

இது தற்செயலாக நடந்ததில்லை. ஒரே ஒரு ஆள் பிடிவாதமாக உட்கார்ந்து செய்த வேலை. அவர்தான் முதலாம் பீட்டர். வரலாற்றுப் புத்தகங்களில் மகா பீட்டர். அந்தப் பிடிவாதத்துக்கு அவரது சொந்த மகனே பலியானார் என்பது பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம்.

(இந்தக் கட்டுரையில் உள்ள தேதிகள் இன்றைய காலண்டர்படி. அன்றைய ரஷ்யக் காலண்டர் இதைவிட 10, 11 நாள் பின்தங்கி இருந்தது.)

மாஸ்கோ மீது என்ன கோபம்?

பீட்டர் பிறந்தது 1672 ஜூன் 9 அன்று, மாஸ்கோவில். அப்பா ஜார் அலெக்ஸி. பீட்டருக்கு 4 வயது நிரம்பும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அப்பாவின் முதல் மனைவி குடும்பம் ஒரு பக்கம், பீட்டரின் அம்மா நதால்யாவின் குடும்பம் மறுபக்கம் என்று அரண்மனைக்குள் பங்காளிச் சண்டை.

1682-ல் அது வெடித்தது. ஸ்த்ரெல்ட்ஸி எனப்படும் மாஸ்கோ காவல் படையினர் கிரெம்ளினுக்குள் புகுந்து, அம்மா பக்கத்து ஆட்களைத் தேடித்தேடி வெட்டினார்கள். குடும்பத்துக்கு மிக நெருக்கமான ஒரு பெரியவரை, பத்து வயது பீட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டிலிருந்து கீழே ஈட்டிகளின் மேல் தூக்கிப் போட்டார்கள். பின்னாளில் பீட்டருக்கு திடீர் திடீரென முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அன்று பார்த்ததன் விளைவுதான் அது என்று எழுதும் ஆசிரியர்கள் உண்டு.

கலவரத்துக்குப் பிறகு ஒரு விசித்திரமான ஏற்பாடு. பீட்டரும் அவரது அண்ணன் (அப்பாவின் முதல் மனைவி மகன்) இவானும் சேர்ந்து ஜார். நிஜ அதிகாரம் அக்கா சோஃபியாவிடம். இரண்டு பையன்களும் உட்கார ஓர் இரட்டைச் சிம்மாசனம் செய்தார்கள். அதன் முதுகுப் பக்கம் ஒரு துளை இருக்கும். என்ன பேச வேண்டும் என்று பின்னாலிருந்து காதில் சொல்லிக் கொடுக்கத்தான் அது. கிரெம்ளின் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

பீட்டரையும் அம்மாவையும் நகரத்துக்கு வெளியே ப்ரெயபிரஷேன்ஸ்கயே என்ற கிராமத்தில் தங்கவைத்தார்கள். ஒதுக்கி வைத்தார்கள் என்றே சொல்லலாம். அதுவே அவருக்கு வசதியாகிப் போனது. ஏன்னா, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வெளிநாட்டவர் குடியிருப்பு இருந்தது.

மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்தக் குடியிருப்பின் பெயர் ‘நெமேத்ஸ்கயா ஸ்லபதா’. இன்றைய ரஷ்யத்தில் ‘நேமெத்ஸ்’ என்றால் ஜெர்மானியர். ஆனால் அந்தச் சொல் ‘ஊமை’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ரஷ்யம் பேசத் தெரியாதவன் ஊமை, அவ்வளவுதான் கணக்கு. அதனால் டச்சுக்காரர், ஸ்காட்லாந்துக்காரர், ஜெர்மானியர் எல்லாருமே அன்று அந்தப் பெயருக்குள் அடக்கம். அந்த ‘ஊமைகள்’ மத்தியில்தான் இளைஞர் பீட்டர் டச்சு பேசப் பழகினார். கணக்கு, கோட்டை கட்டும் கலை, புகை, பீர் எல்லாம் அங்கேதான். தன் பெயரையே டச்சு பாணியில் ‘பீத்தர்’ என்று லத்தீன் எழுத்தில் கையெழுத்துப் போடும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

1688-ல் இஸ்மாய்லவா என்ற ஊரில் ஒரு கிடங்கில் பழைய படகு ஒன்று அவர் கண்ணில் பட்டது. எதிர்க்காற்றிலும் போகும் படகு என்று ஒரு டச்சுக்காரர் விளக்கினார். பழுதுபார்த்து ஓட்டிக் காட்டியபோது பையன் விழுந்துவிட்டான். அந்தப் படகு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் படகு மட்டும் இருந்தால் போதுமா? அன்றைய ரஷ்யாவுக்கு ஐரோப்பா பக்கம் இருந்த ஒரே கடல் துறைமுகம் அர்கான்கெல்ஸ்க். வருடத்தில் பாதி மாதம் பனியில் உறைந்து கிடக்கும். பால்டிக் கடற்கரை ஸ்வீடன் கையில்.

மன்னர் தச்சரான கதை

1689-ல் சோஃபியாவை மடத்துக்கு அனுப்பிவிட்டு அதிகாரம் பீட்டர் பக்கம் வந்தது. 1697-ல் சுமார் 250 பேர் கொண்ட தூதுக்குழு மேற்கு ஐரோப்பா கிளம்பியது. அதில் ப்யோத்தர் மிகாய்லவ் என்ற பெயரில் மன்னரும் ஒருவர். மாறுவேடம் எடுபட வாய்ப்பே இல்லை. ஆள் கிட்டத்தட்ட 6 அடி 8 அங்குலம்! ஆம்ஸ்டர்டாமில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் நான்கு மாதத்துக்கும் மேல் கோடாரி பிடித்து வேலை செய்து, தச்சர் என்று சான்றிதழும் வாங்கினார். பிறகு இங்கிலாந்து. லண்டன் அருகே தங்கியிருந்த வீட்டை அவரது குழு நாசம் செய்துவிட்டுப் போனது, வீட்டுக்காரர் இழப்பீடு கேட்டது எல்லாம் தனிக் கதை.

பாதிப் பயணத்தில், மாஸ்கோவில் ஸ்த்ரெல்ட்ஸி மறுபடி கலகம் என்று செய்தி. திரும்பி வந்தவர் காட்டிய கொடூரத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம்: சித்திரவதை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரண தண்டனைகள். பத்து வயது பையனின் பழைய கணக்கும் அதில் சேர்ந்தே தீர்ந்தது. அதே கையோடு பிரபுக்களின் தாடியை வெட்டினார், பிறகு தாடி வைக்க வரி போட்டார். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணிவந்த ஆண்டுக் கணக்கைக் கைவிட்டு, 7208-ஐ 1700 ஆக்கினார். அதுவரை செப்டம்பரில் பிறந்த புத்தாண்டு ஜனவரிக்கு வந்தது.

அடுத்தவன் நிலத்தில் தலைநகரம்

1700-ல் ஸ்வீடனுடன் போர் தொடங்கியது. நார்வாவில் படுதோல்வி. ஆனால் 1702-ல் நேவா நதி தொடங்கும் இடத்திலிருந்த ஸ்வீடிஷ் கோட்டையைப் பிடித்து, ‘சாவிக் கோட்டை’ என்ற பொருளில் ஷ்லிஸ்ஸல்பூர்க் என்று பெயர் வைத்தார். கடலுக்கான சாவி என்று கணக்கு. ரஷ்யர் வைத்த பெயர்தான், ஆனால் ஜெர்மன் சொல். அடுத்த ஆண்டு நதி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த நீயென்ஷான்ஸ் கோட்டையும் விழுந்தது.

1703 மே 27 அன்று நேவாவின் முயல் தீவில் புதுக் கோட்டைக்கு அடித்தளம். இதுதான் நகரத்தின் பிறந்தநாள். மன்னர் அன்றைக்கு அங்கே இருந்தாரா என்பதே சந்தேகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆள் அரவமற்ற சதுப்பு நிலத்தில் நகரம் முளைத்தது என்பதும் பாதி கதைதான். பக்கத்திலேயே நீயென் என்ற ஸ்வீடிஷ் வணிக ஊர் ஏற்கெனவே இருந்தது. சுற்றிலும் கிராமங்களும் இருந்தன.

பெயர் பற்றி இன்னொரு தவறான நம்பிக்கை உண்டு. மன்னர் தன் பெயரை நகரத்துக்கு வைக்கவில்லை. இயேசுவின் சீடரான புனித பீட்டரின் பெயரைத்தான் வைத்தார். அவரது பெயரும் அதுவேதான் என்பது கூடுதல் வசதி! முதலில் கோட்டைக்குத்தான் அந்தப் பெயர். உள்ளே பீட்டர், பால் இருவர் பெயரிலும் தேவாலயம் வந்ததும் கோட்டை அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. பழைய பெயர் ஊருக்குப் போனது.

அவர் தங்குவதற்குப் படைவீரர்கள் மூன்றே நாளில் ஒரு மரவீடு கட்டினார்கள். மரச் சுவரின் மேல் செங்கல் போலத் தெரியும்படி வண்ணம் அடித்திருந்தார்கள். டச்சு வீடு போல இருக்க வேண்டுமாம். அந்த வீடு இன்றும் இருக்கிறது.

வேலைக்கு ஆள்? ஆண்டுதோறும் பல்லாயிரம் பேரை நாடு முழுக்கவிருந்து கட்டாயமாக வரவழைத்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் உண்டு. ஸ்வீடிஷ் போர்க் கைதிகளும் வேலை செய்தார்கள். ஆரம்பத்தில் தள்ளுவண்டி பற்றாக்குறை, மண்ணைச் சட்டை மடியிலும் சாக்கிலும் சுமந்தார்கள். குளிர், ஈரம், வயிற்றுப்போக்கு. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. அன்றைய வெளிநாட்டவர் சிலர் ஒரு லட்சம் வரை போனார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அது மிகைப்படுத்தல், சில ஆயிரங்கள் என்று சொல்வதே சரி என்கிறார்கள். எலும்புகளின் மேல் நிற்கும் ஊர் என்ற பேச்சு மட்டும் போகவே இல்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். சட்டப்படி அந்த நிலம் 1721 வரை ஸ்வீடனுடையது! சமாதான ஒப்பந்தம் அந்த ஆண்டுதான் கையெழுத்தானது. அதற்கு 9 ஆண்டுக்கு முன்பே, 1712-ல், தலைநகரத்தை அங்கே மாற்றியாகிவிட்டது. 1709-ல் பல்தாவா போரில் ஸ்வீடன் படை நொறுங்கியதே அந்தத் துணிச்சலுக்குக் காரணம்.

1714-ல் ரஷ்யாவில் வேறெங்கும் கல் கட்டடம் கட்டக் கூடாது என்று தடை வந்தது. கொத்தனார்கள் எல்லாரும் இங்கே வந்தாக வேண்டும் என்பதற்காக. ஊருக்குள் வரும் ஒவ்வொரு வண்டியும் கப்பலும் கல் கொண்டுவர வேண்டும், அதுதான் நுழைவு வரி. மாஸ்கோ பிரபுக்களுக்கு இங்கே வீடு கட்டிக் குடியேறும்படி உத்தரவு. நேவாவின் குறுக்கே பாலம் கிடையாது. மக்கள் படகோட்டப் பழக வேண்டுமாம். வசீலியெவ்ஸ்கி தீவில் தெருக்களுக்குப் பதிலாக ஆம்ஸ்டர்டாம் மாதிரி கால்வாய் வெட்டத் திட்டம். அது நடக்கவில்லை. ஆனால் அங்கே தெருக்களை இன்றும் ‘லைன்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு லைன், எதிர்ப்பக்கம் வேறு லைன். வெட்டாத கால்வாயின் இரண்டு கரைகள்! முகவரி தேடிப் போகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

எழுத்தில் கைவைத்த மன்னர்

ஊர் பிறந்த அதே 1703-ல், ஜனவரியில், ரஷ்யாவின் முதல் அச்சுச் செய்தித்தாள் ‘வேதமஸ்தி’ மாஸ்கோவில் வெளிவந்தது. போர்ச் செய்தி, கப்பல் செய்தி, வெளிநாட்டுச் செய்தி. ஆனால் அச்சிட்ட எழுத்து தேவாலயப் புத்தகங்களின் பழைய எழுத்து. நிறைய வளைவுகள், மேலே குறிகள், சுருக்கக் குறியீடுகள். எண்களைக்கூட எழுத்துகளால்தான் எழுதினார்கள். பீரங்கிக் கணக்கும் கோட்டை வரைபடமும் அதில் எப்படிப் போடுவது?

பீட்டர் புது எழுத்துரு செய்யச் சொன்னார். லத்தீன் எழுத்தின் தோற்றத்துக்கு நெருக்கமாக, உருண்டையாக, சுத்தமாக. ஆம்ஸ்டர்டாமிலும் மாஸ்கோவிலும் அச்சு வார்த்தார்கள். 1708-ல் அதில் வெளிவந்த முதல் புத்தகம் ஜெபப் புத்தகம் இல்லை, வடிவியல் புத்தகம். 1710 பிப்ரவரி 9 அன்று மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாத பழைய வடிவங்களைப் பேனாவால் தானே அடித்தார். புது எழுத்து தொழில்நுட்ப, வரலாற்றுப் புத்தகங்களுக்கு, பழைய எழுத்து தேவாலயத்துக்கு என்று பிரித்தார். இன்று மொழி வகுப்பில் முதல் நாள் படிக்கும் ரஷ்ய எழுத்தின் உருவம் அடிப்படையில் அந்தத் தாளிலிருந்து வந்தது. (1918-ல் இன்னொரு சுற்று களையெடுப்பு நடந்தது.)

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உத்தரவு போனது. தேவாலய மொழியின் கனத்த நடை வேண்டாம், வெளியுறவு அலுவலகத்தில் புழங்கும் சாதாரண ரஷ்யம் போதும். ஆனால் சாதாரண ரஷ்யத்தில் கப்பலுக்கான சொற்களே இல்லையே! டச்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மாலுமிக்கு ‘மத்ரோஸ்’, துறைமுகத்துக்கு ‘காவன்’, கொடிக்கு ‘ஃப்ளாக்’. ஆரஞ்சுப் பழத்துக்கு ரஷ்யர்கள் சொல்லும் ‘அபெல்சீன்’கூட டச்சு வழி வந்ததே.

இதில் என் ஃபேவரிட் குடை. கப்பல் தளத்தில் வெயிலுக்குக் கட்டும் துணிக்கூரைக்கு டச்சில் ‘சொன்னெதெக்’ என்று பெயர். ரஷ்ய வாயில் அது ‘சோன்திக்’ ஆனது. ரஷ்யத்தில் ‘இக்’ என்று முடிந்தால் பெரும்பாலும் சின்னப் பொருள் என்று அர்த்தம். அப்படின்னா பெரிய குடைக்கு என்ன பேர்? ‘இக்’கை வெட்டிவிட்டு ‘சோன்த்’ என்று புதிதாக ஒரு சொல்லை உருவாக்கிவிட்டார்கள். டச்சில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

ஒரு கட்டத்தில் பீட்டருக்கே தலை சுற்றியிருக்கிறது. தூதர் ஒருவர் அனுப்பிய அறிக்கைகளில் போலிஷ் சொற்களும் மற்ற அந்நியச் சொற்களும் மண்டிக்கிடந்ததால் விஷயமே புரியவில்லை, ஒழுங்காக ரஷ்யத்தில் எழுது என்று கடிதம் போட்டிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டவரே காற்று அதிகம் என்று புகார் சொன்ன கதை.

அப்பாவின் ஊரா, மகனின் ஊரா?

பீட்டரின் மூத்த மகன் அலெக்ஸி. அம்மா யெவ்தோக்கியாவை 1698-ல் பீட்டர் மடத்துக்கு அனுப்பியபோது பையனுக்கு 8 வயது. படிப்பில் ஆர்வம், பாதிரியார்களோடு நெருக்கம், போர் என்றால் அலர்ஜி. அப்பாவின் கப்பல், கோட்டை, அவசரம் எதிலும் ஒட்டவில்லை. திருந்து, இல்லையென்றால் அரியணையும் இல்லை என்று அப்பா மிரட்டினார். 1716-ல் அலெக்ஸி நாட்டைவிட்டு ஓடி வியன்னாவில் பேரரசரிடம் அடைக்கலம் கேட்டார். பிறகு நேப்பிள்ஸில் ஒளிந்திருந்தார். உடன் இருந்தவர் காதலி அஃப்ரசீனியா.

திரும்பி வந்தால் மன்னிப்பு என்று பீட்டரின் தூதர் போய் உறுதி கொடுத்தார். 1718 தொடக்கத்தில் அலெக்ஸி வந்தார். விசாரணை தொடங்கியது. மாட்டிவிட்டது அஃப்ரசீனியாவின் வாக்குமூலம். ஆட்சிக்கு வந்தால் மாஸ்கோவில் வாழப்போவதாகவும், பீட்டர்ஸ்பர்க்கை ஒரு சாதாரண ஊராக விட்டுவிடப் போவதாகவும், கப்பல்கள் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றும் அலெக்ஸி சொன்னதாக அவர் சொன்னார்.

இதைக் கேட்ட பீட்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டு உழைப்பு, அத்தனை சாவு, எல்லாம் தன் மரணத்துக்கு மறுநாள் மூட்டை கட்டப்படும் என்று தெரிகிறது. படையெடுத்துக் கவிழ்க்க மகனுக்கு உருப்படியான திட்டம் இருந்ததாகப் பெரிதாக ஆதாரம் இல்லை. ஓர் ஊரைப் பிடிக்கவில்லை என்பதுதான் குற்றத்தின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தேசத்துரோகம் ஆனது.

அலெக்ஸியை பீட்டர்-பால் கோட்டையில் அடைத்துச் சவுக்கால் அடித்தார்கள். ஒரு நாள் 25 அடி, இன்னொரு நாள் 15 அடி. 127 அதிகாரிகள் மரண தண்டனைத் தீர்ப்பில் கையெழுத்திட்டார்கள். அது நிறைவேறும் முன்பே, 1718 ஜூலை 7 அன்று, அவர் உள்ளேயே இறந்தார். வயது 28. மறுநாள் பல்தாவா வெற்றியின் ஆண்டுவிழா. பீட்டர் அதை ரத்து செய்யவில்லை, கலந்துகொண்டார்.

நகரத்தின் முதல் கட்டடமான கோட்டை, பின்னாளில் ரஷ்யாவின் பேர்போன அரசியல் சிறையானது. அதன் முதல் முக்கியக் கைதி, கட்டியவரின் மகன்.

அப்புறம் என்ன ஆச்சு?

1721-ல் பீட்டர் பேரரசர் பட்டம் ஏற்றார். அதற்கு முன்பே ‘குன்ஸ்ட்கமெரா’ என்ற அருங்காட்சியகத்தைத் தொடங்கியிருந்தார். பெயர் ஜெர்மன், நுழைவு இலவசம், வருகிறவர்களுக்கு உபசரிப்பும் உண்டு. பல் பிடுங்குவது மன்னரின் பொழுதுபோக்கு. அவர் தன் கையாலேயே பிடுங்கிய பற்களும் அங்கே இருக்கின்றன.

1724-ல் அறிவியல் கழகத்துக்கு உத்தரவு போட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1725 பிப்ரவரி 8 அன்று, சிறுநீர்ப்பை நோயால் இறந்தார். 52 வயது. வாரிசைத் தானே அறிவிக்கும் உரிமை மன்னருக்கு உண்டு என்று 1722-ல் சட்டம் போட்டவர், யாரையும் அறிவிக்காமலே போனார். அரியணை ஏறியது இரண்டாவது மனைவி கேத்தரின். லிவோனியாவில் வேலைக்காரியாக இருந்து போரில் பிடிபட்டவர். எழுத்தையே மாற்றியவரின் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அறிவியல் கழகத்தின் முதல் அறிஞர்கள் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். அவர்களில் ஒருவர் பாயர், கீழைமொழி ஆய்வாளர். நம்ம ஊர் இங்கே எட்டிப் பார்க்கிறது: தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்தவர்களோடு அவர் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அங்கிருந்த வால்தர் என்பவர் இந்தியர்களின் காலக் கணிப்பு பற்றி எழுதிய கட்டுரை, 1738-ல் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சான பாயரின் புத்தகத்தில் இடம்பெற்றது. அதே புத்தகத்தில் இந்தியர்களின் சூரிய ஆண்டு பற்றி எழுதியவர் யார் தெரியுமா? கணித மேதை ஆய்லர்.

கேத்தரினுக்குப் பிறகு 1727-ல் அரியணைக்கு வந்தது இரண்டாம் பீட்டர். 11 வயதுப் பையன். அப்பா பெயர் அலெக்ஸி. ஆமாம், கோட்டையில் செத்த அதே அலெக்ஸி. 1728-ல் அரசவை மாஸ்கோவுக்குப் போனது, திரும்பவில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் வீடுகள் பூட்டப்பட்டன, தெருக்கள் காலியாயின. அலெக்ஸி சொன்னதாகச் சொல்லப்பட்டது அப்படியே நடந்துகொண்டிருந்தது. 1730-ல் பெரியம்மை வந்து பையன் மாஸ்கோவிலேயே இறந்துபோனான். அடுத்து வந்த பேரரசி அன்னா 1732-ல் அரசவையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஊர் பிழைத்தது.

ஆனால் பெயர் பிழைக்கவில்லை. 1914-ல் ஜெர்மனியோடு போர் வந்ததும் ‘பூர்க்’ கசந்துவிட்டது. ‘பெத்ரகிராத்’ என்று முழு ரஷ்யப் பெயர் வைத்தார்கள். 1924-ல் லெனின் இறந்ததும் ‘லெனின்கிராத்’. இரண்டாம் உலகப் போரில் 872 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்தது அந்தப் பெயரில்தான். அதனால் 1991-ல் பெயர் மாற்ற வாக்கெடுப்பு நடந்தபோது பழைய பெயர் பக்கம் நின்றவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். செப்டம்பரில் சாங்க்ட் பீட்டர்பூர்க் திரும்பி வந்தது. சுற்றியுள்ள மாகாணம் இன்றும் லெனின்கிராத் மாகாணம்தான்.

விமான டிக்கெட்டில் அந்த ஊருக்கான குறியீடும் மாறவில்லை. லெனின்கிராத் காலத்து எல்.இ.டி. இன்னும் அப்படியே இருக்கிறது. ஊர்க்காரர்கள் இத்தனை பெயரையும் தூக்கிச் சுமப்பதில்லை. பேச்சு வழக்கில் சுருக்கமாக ‘பீத்தர்’ என்கிறார்கள். அந்த டச்சுக் கையெழுத்து.